பெல்ட்டைக் கழற்றின கையோட

எங்கள் டொல்பின் வானுக்கு டைமிங் பெல்ட் மாற்றும் தவணை இன்னும் வரவில்லை. நான் கொப்பியில் எழுதிவைத்திருக்கிற கணக்குப்படி பாதித் தூரம்தான் ஓடியிருந்தது. ஆனாலும் போன மாதம் பெல்ட்டைக் கழற்றிப்போட்டோம். காரணம் பெல்ட் அல்ல, ஒயில். பெல்ட்டை மறைக்கிற முன்பக்க மூடியின் அடிவிளிம்பில் ஒயில் துளிர்த்துவிட்டால் அதற்குப் பிறகு கிலோமீற்றர் கணக்கை வைத்து ஒன்றும் செய்ய ஏலாது.

டொல்பின் என்று நாங்கள் சொல்வது டொயோட்டா ஹையேஸ் எல்எச் 113. 3எல் டீசல் எஞ்சின், 2779 சிசி. வான் என் பெயரில். என் கணவர் கட்டாரில். ஓட்டுவது குருக்கள்மடத்துத் தம்பி ஒருவர். காலையில் ஆரையம்பதியிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள், இரவில் ஆள் கிடைத்தால் கட்டுநாயக்க எயார்போட். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தின நாளிலிருந்து இந்தப் பழைய வானை நான் பிள்ளை மாதிரித்தான் பார்க்கிறேன். 2025இல் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள்தான். அந்த விலைகளைக் கேட்டபிறகு இன்னும் கவனமாகப் பார்க்கிறேன்.

இந்த எஞ்சினில் பெல்ட் அறுவது என்பது வழியில் நின்றுபோவதோடு முடிகிற சங்கதி இல்லை. வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் சாப்டையும் டீசல் பம்பையும் சுற்றுவது அந்த ஒரு பெல்ட்தான். அது போனால் கேம் நின்ற இடத்தில் நிற்கும், பிஸ்டனோடு பிணைந்த கிராங் தண்டு தன்பாட்டில் சுற்றும். டீசல் எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே இடமே கிடையாது. திறந்தபடி நின்ற வால்வைப் போய்க் குத்தும். பிறகு ஹெட்டை இறக்கவேண்டும், லேத்துக்கு அனுப்பவேண்டும், மாதக்கணக்கில் உழைத்த காசு அதோடு சரி. அதுவும் எயார்போட் போகிற வழியில் புணானைக்கும் வெலிக்கந்தைக்கும் நடுவில் இரவு இரண்டு மணிக்கு நடந்தால், ஆனை வருகிற ரோட்டில், சூட்கேசோடு ஆறேழு சனத்தை வைத்துக்கொண்டு நிற்கவேண்டும். எயார்போட் ஓட்டம் ஓடுகிற எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு. வெளியில் சொல்லமாட்டார்கள்.

டாஷ்போர்டில் டி-பெல்ட் என்று ஒரு லைட் இருக்கிறது. ஒரு லட்சம் கிலோமீற்றரில் பற்றும், பெல்ட் மாற்றினதும் திரும்ப சைபரிலிருந்து எண்ணத் தொடங்கும்படி அமத்திவிடவேண்டும். அது தூரத்தை மட்டும்தான் எண்ணும். உள்ளே பெல்ட் ஒயிலில் குளிக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

எனக்கு ஒரு பழக்கம். இரவில் வான் வந்து நின்றதும் எஞ்சினுக்கு நேர் கீழே ஒரு பெரிய காட்போட் மட்டையை விரித்துவிடுவேன். பிஸ்கட் பெட்டி மட்டை நல்லது, ஒயில் பட்டால் பளிச்சென்று தெரியும். விடிய எடுத்துப் பார்த்தால் எந்த இடத்தில் என்ன சொட்டியிருக்கிறது என்று ஒரு படமே கிடைக்கும். தண்ணீர் காய்ந்துபோகும், டீசல் பரந்து மணக்கும், கியர் ஒயில் வேறு மணம். எஞ்சின் ஒயில் கறுப்பாக, வட்டமாக, அப்படியே நிற்கும். அந்த வட்டம் ரெடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் விழத்தொடங்கியது. முதலில் ஒரு பொட்டளவு, பிறகு ஐந்து ரூபா அளவு.

காத்தான்குடியில் எங்கள் வானைப் பார்க்கிற மெக்கானிக் காக்காவிடம் (இங்கே முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) மட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். சிரித்தார். "தங்கச்சி, சனம் டொக்டருக்கிட்ட ரிப்போட் கொண்டு போற மாதிரி கொண்டு வாறீங்க" என்றார். ஆனால் மட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் பாதி. ஒயில் எப்போதும் கீழேதான் சொட்டும், தொடங்கின இடம் மேலே எங்கேயோ இருக்கும். மேல் வால்வ் கவர் கஸ்கட் கசிந்தாலும் கடைசியில் கிராங் புல்லிக்குக் கீழேதான் துளி விழும். அதைப் பார்த்துவிட்டு கிராங் சீல் (தண்டைச் சுற்றி ஒயிலைத் தடுக்கிற றப்பர் வளையம்) போய்விட்டது என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். காக்கா எஞ்சின் முகப்பை டீசலும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவி, காற்று அடித்துக் காயவைத்து, பேபி பவுடர் தூவிவிட்டார். தம்பி களுவாஞ்சிகுடி வரைக்கும் போய்த் திரும்பிவந்தார். முன் சீற்றைத் தூக்கி லைட் பிடித்துப் பார்த்தால் வால்வ் கவரைச் சுற்றிப் பவுடர் வெள்ளையாக அப்படியே இருந்தது, பெல்ட் மூடியின் அடியில் மட்டும் கறுத்துச் சேறாகிக் கிடந்தது. ஆக, வருவது மூடிக்கு உள்ளேயிருந்து.

மேல் மூடியைக் கழற்றினதும் எனக்கே விளங்கிவிட்டது. நேராக வடிகிற ஒயில் ஒரு கோடு போடும். சுழல்கிற புல்லி வீசியெறிகிற ஒயில் விசிறி விரித்தமாதிரித் தெறிக்கும். கேம் புல்லிக்குப் பின்னால் அந்த விசிறி அப்படியே இருந்தது. கேம் சீல். கிராங் பக்கமும் ஈரம் இருந்தது, ஆனால் அது மேலேயிருந்து வந்ததா, அங்கேயே கசிந்ததா என்று அந்த நேரத்தில் சொல்ல ஏலாது. பெல்ட்டின் ஓரத்தை காக்கா நகத்தால் அழுத்திக் காட்டினார். பல் மெத்தென்று இருந்தது. ஒயில் குடித்த பெல்ட் ஊதும், பல்லின் அடி இளகும், உள்ளே நூல் விட்டுப்போகும். துடைத்துப் போட்டாலும், பெற்றோலில் கழுவினாலும் அது பழைய பெல்ட் ஆகாது. அதில் விவாதமே வரவில்லை.

விவாதம் வந்தது சீலில். கேம் சீலை மாற்றுவோம், கிராங் சீல் அப்படியே இருக்கட்டும் என்றார் காக்கா. "நல்லா இரிக்கிற சீல என்னத்துக்குக் கழட்டுற? கை வெச்சா மறுகா அதுவும் ஒழுகும்." இது சோம்பலில் சொல்கிற கதை இல்லை. பழைய சீலை நெம்பி எடுக்கும்போது ஸ்குறூ டிரைவர் நுனி சாப்டில் ஒரு கீறல் போட்டால் போதும், அதற்குமேல் எந்தப் புதுச் சீலும் நிற்காது. இருந்ததைக் கெடுத்த மெக்கானிக் பாஸ்மாரை அவர் பார்த்திருக்கிறார். நான் சொன்னது வேறு. போன தடவை இந்த வானுக்கு பெல்ட் போட்ட இடத்தில் (பெயர் வேண்டாம்) இதே நியாயத்தைச் சொல்லி இரண்டு சீலையும் தொடவில்லை. பில்லில் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கிற ஐட்லர் உருளை, கூலி, அவ்வளவுதான். இன்றைக்கு நல்ல பெல்ட் ஒன்றை அரைவாசி ஆயுளில் தூக்கி எறியவேண்டி வந்தது அதனால்தான். ரெடியேட்டரையும் கூலிங் பேனையும் இறக்கி, கிராங் புல்லியைக் கழற்றி, பெல்ட்டை எடுத்தபிறகு சீல் கண்ணுக்கு முன்னால் இருக்கும். திரும்ப அந்த இடத்துக்குப் போக வேண்டுமென்றால் முழுக் கூலியையும் இன்னொருதரம் கொடுக்கவேண்டும். சீலின் விலையோ பெல்ட் விலைக்குக் கிட்டவும் வராது. கையில் பொறுமை உள்ள ஆள் வேலைசெய்தால் இரண்டையும் மாற்றுவதுதான் சரி என்பது என் கட்சி. அவருக்குப் பொறுமை உண்டு என்று எனக்குத் தெரியும், அதையும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் மறுக்கவில்லை.

டீசல் பம்பின் சாப்ட் சீல் மட்டும் விதிவிலக்கு. அது கசிந்தால் பெல்ட்டில் டீசல் படும், அது ஒயிலைவிட மோசம். ஆனால் அதை மாற்றப் பம்பையே கழற்றி, பம்ப் வேலைசெய்கிறவரிடம் கொடுக்கவேண்டும். எங்கள் பம்பின் அடி எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது. விட்டுவிட்டோம்.

சாமான் கொழும்பிலிருந்து வந்தது. வாகனச் சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் சொந்தக்காரப் பெடியன் ஒருவன் வாங்கி, கல்முனை நைட் பஸ்ஸில் பார்சலாகப் போட்டுவிட்டான். டொயோட்டா சீல் நம்பரில் ஒரு வசதி இருக்கிறது. பெரும்பாலும் 90311 என்று தொடங்கும், கோட்டுக்குப் பிறகு வருகிற முதல் இரண்டு இலக்கமும் சாப்டின் விட்டம், மில்லிமீற்றரில். கடைக்காரர் மாறித் தந்தால் அதிலேயே பிடித்துவிடலாம். சீலின் முகத்திலும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மூன்றும் பதித்திருக்கும். கறுப்பு றப்பர் என்றால் பெரும்பாலும் நைட்ரைல், மண்ணிறம் என்றால் வைட்டன் என்று கடையில் சொல்வார்கள். வைட்டன் சூடு கூடத் தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் நிறத்தை வைத்து மட்டும் காசு கொடுக்கக்கூடாது. றப்பருக்கு நிறம் ஏற்றுவது பெரிய வேலையா?

காத்தான்குடியில் வெள்ளிக்கிழமை கராஜ் இல்லை. சனி, ஞாயிறு பள்ளிக்கூடம் இல்லை. ஆகவே சனிக்கிழமை காலை வானைக் கொடுத்துவிட்டு, நான் அங்கேயே ஒரு கதிரையைப் போட்டு இருந்துவிட்டேன். முதலில் பெடியன்மாருக்குக் கூச்சம். ஒரு பிளேன்டீ குடித்து முடிய எல்லாம் சரியாகிவிட்டது. கழற்றுகிற எந்தச் சாமானும் எனக்குக் காட்டாமல் குப்பைக்குப் போகக்கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம்.

கேம் சீல் வெளியே வந்ததும் கையில் வாங்கிப் பார்த்தேன். உதடு என்று சொல்கிற அந்த மெல்லிய ஓரம் பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போயிருந்தது. மடித்தால் வெடிப்பு விட்டது. அதைச் சாப்டோடு அணைத்துப் பிடிப்பதற்கு உள்ளே மயிர் தடிப்பில் ஒரு ஸ்பிரிங் வளையம் இருக்கிறது, அது நல்லாகத்தான் இருந்தது. புதுச் சீலின் உதடு விரலுக்கு அப்படியே வளைந்து கொடுத்தது. 2020இல் ஊரடங்கு, 2022இல் டீசல் இல்லாமல் கியூ. அந்த நாட்களில் எங்கள் வான் வாரக்கணக்காக வளவுக்குள் நின்றது. ஓடாமல் நிற்கிற எஞ்சினில் உதடு ஒரே இடத்தில் காய்ந்து இறுகும் என்றார் காக்கா. இன்னொன்று எங்கள் ஊர் மணல். மூடியில் ஒரு போல்ட் குறைந்தாலும் மணல் தூள் உள்ளே போய் ஒயிலோடு சேர்ந்து அரைக்கும். எங்கள் கீழ் மூடியில் ஒரு போல்ட் இல்லைதான். போன தடவைக்காரரின் கைங்கரியம்.

கேம் சாப்டில் உதடு ஓடிய இடத்தில் ஒரு பளபளப்பான வளையம் தெரிந்தது. காக்கா துணியால் துடைத்து, நகத்தைக் குறுக்கே இழுத்தார். என்னையும் இழுக்கச் சொன்னார். நகம் மெதுவாகத் தட்டியது, ஆனால் சிக்கவில்லை. சிக்கியிருந்தால் சாப்டில் ஸ்லீவ் ஏற்றவேண்டும், அல்லது வேறு சாப்ட். இந்த அளவுக்கு ஒரு வழி இருக்கிறது: புதுச் சீலைப் பழைய சீல் இருந்த ஆழத்துக்குத் தட்டாமல் ஒரு மில்லிமீற்றர் முன்னாலேயே நிறுத்துவது. உதடு அப்போது தேயாத இடத்தில் ஓடும்.

கிராங் சீலை எடுத்த விதம்தான் எனக்குப் பிடித்தது. நெம்பவில்லை. முதலில் கூரான கத்தியால் உதட்டைச் சுற்றி அறுத்து எடுத்தார். பிறகு ஸ்குறூ டிரைவர் நுனிக்கு டேப் சுற்றி, மெல்ல மெல்ல, ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம். "மனே, லைட்ட ஆட்டாம புடி" என்று தம்பிக்கு ஒரு அதட்டல். சீல் வந்தபிறகு அதன் பின்முகத்தைப் பார்த்தால் உதடு ஓரளவு இறுகி, ஒரு இடத்தில் ஈரக் கோடு. இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். காக்கா அதை என் கையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிக்கொண்டார்.

புதுச் சீல் ஏற்றுவதற்கு முன் கிராங் மூக்கில் புல்லியைப் பிடிக்கிற சின்ன இரும்புச் சாவி உட்காருகிற வெட்டைத் தடவிப் பார்த்தார். அதன் விளிம்பு கூர். உதடு அதன் மேலால் போகும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு வெட்டு விழும், புதுச் சீல் முதல் நாளே ஒழுகத் தொடங்கும். சீல் வந்த பொலித்தீன் உறையையே கத்தரித்து அந்த வெட்டுக்கு மேலால் சுற்றினார். உதட்டுக்கு விரலால் ஒயில் தடவினார். காய்ந்த உதட்டோடு ஒருநாளும் போடக்கூடாது, முதல் சுற்றிலேயே எரிந்துபோகும். பிறகு வெளிவிட்டத்துக்குச் சரியான ஒரு துண்டு எஸ்லோன் (பிவிசி) பைப்பை வைத்துத் தட்டினார், சுற்றிச் சுற்றி. சுத்தியலை நேரே சீலில் போடுகிற கராஜ்களை நான் கண்டிருக்கிறேன். ஒரு பக்கம் உள்ளே போய் மறுபக்கம் நிற்கும். உறையை உருவி எடுத்ததும் சீல் சாப்டைக் கவ்விக்கொண்டு நின்றது.

இதற்கிடையில் கட்டாரிலிருந்து வொய்ஸ் மெசேஜ். சீலுக்கு மேலால் சிலிக்கன் பூசச் சொல்லு என்று. காக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். அவர் பதில் சொல்ல முதல் பெடியன்மார் சிரித்துவிட்டார்கள். சுற்றுகிற சாப்டுக்குச் சிலிக்கன் என்ன செய்யும்? உள்ளே பிய்ந்து விழுந்தால் சம்பில் (அடியில் ஒயில் நிற்கிற தொட்டி) போய் ஒயில் உறிஞ்சுகிற வலையை அடைக்கும். கசிவுக்கென்று ஒயிலுக்குள் ஊற்றுகிற போத்தல் மருந்தும் அப்படித்தான், றப்பரைக் கொஞ்சம் ஊதவைத்து நாளைக் கடத்தும். "மாப்பிளைக்கு சலாம் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

இனி முக்கியமான விஷயம். இதை நான் கேட்டிராவிட்டால் இத்தனை வேலையும் வீண். சீல் ஏன் போனது? வயது, சூடு, மணல் எல்லாம் சரி. ஆனால் பிஸ்டன் றிங் தேய்ந்த பழைய எஞ்சினில், எரிந்த வாயு கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே சம்ப் பக்கம் இறங்கும். அது வெளியேறுவதற்கு வால்வ் கவரிலிருந்து காற்று உள்ளிழுக்கிற பைப்புக்கு ஒரு பிரீதர் ஹோஸ் போகிறது. அது அடைபட்டால் உள்ளே அமுக்கம் ஏறும். சீலின் உதடு தெறிக்கிற ஒயிலைத் தடுக்கத்தான் செய்தது, அமுக்கத்தைத் தடுக்க அல்ல. எது பலவீனமோ அங்கே ஒயிலைத் தள்ளிக்கொண்டு வாயு வெளியேறும். புதுச் சீல் போட்டு மூன்று மாதத்தில் திரும்ப ஒழுகுது என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் ஒருதரம் பிரீதரைப் பார்க்கவேண்டும்.

எங்கள் ஹோஸைக் கழற்றினால் உள்ளே கறுத்த களி. அழுத்தினால் சுவர் இரண்டும் ஒட்டிக்கொண்டு, விட்டாலும் விரியவில்லை. எஞ்சினைத் திறக்க முதலே காக்கா ஒரு சோதனை செய்திருந்தார், அப்போது எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றுகிற வாயின் மூடியைக் கழற்றி, சொப்பிங் பேக் ஒன்றை அதன் மேலால் பிடித்தார். பை உடனே பலூன் மாதிரி ஊதி நின்றது. பழைய டீசலில் கொஞ்சம் புகை மூச்சு வருவது வழமை, இப்படி ஊதுவது வழமை இல்லை. இப்போது புது ஹோஸ் போட்டு, வால்வ் கவருக்குள் இருக்கிற தடுப்பையும் டீசலில் கழுவி, திரும்பப் பூட்டினோம். ஹோஸின் விலையைச் சொன்னால் வெட்கமாக இருக்கும், ஒரு கொத்துரொட்டிக்கும் காணாது.

பெல்ட் போட்ட விவரம் எல்லாம் எழுதத் தேவையில்லை. கேம், கிராங், பம்ப் மூன்றின் அடையாளத்தையும் நேருக்கு நேர் வைத்து, புது ஐட்லர் போட்டு, ஸ்பிரிங் தன்பாட்டில் இழுக்கவிட்டு இறுக்கினார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன், உங்கள் கண்ணுக்கு முன்னால் செய்யச் சொல்லுங்கள்: ஸ்டார்ட் பண்ண முதல் பவர்பார் என்கிற நீளக் கைபிடியைப் போட்டு எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். கிராங் இரண்டு சுற்றினால் கேம் ஒரு சுற்று, அடையாளம் மூன்றும் பழைய இடத்துக்கு வரவேண்டும். ஒரு பல் தப்பியிருந்தால் அப்போது தெரியும், வால்வ் தட்டுவதாக இருந்தாலும் கையில் தடுத்துத் தெரியும். சாவியைத் திருப்பித் தெரிந்துகொள்ளக்கூடாது. காணாமல்போன போல்ட்டுக்குப் புதுப் போல்ட் போட்டு, மூடியின் உட்பக்கத்தை ஒரு சொட்டு ஒயில் இல்லாமல் துடைத்து, வெளியே வெள்ளைப் பெயின்ரால் தேதியும் மீற்றரும் எழுதினோம். கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டினால் கழுவும்போது போய்விடும்.

ஞாயிறு பின்னேரம் தம்பி கல்லடிப் பாலம் தாண்டி ஒரு சுற்று ஓடிவந்தார். திங்கள் பிள்ளைகளுக்கு வான் வந்தது. அந்தக் கிழமையே கட்டுநாயக்க ஓட்டமும் போய்வந்தது. மட்டையை இப்போதும் விரிக்கிறேன். முன்பக்கம் வெறுமையாக இருக்கிறது.

ஆனால் நடுவில், கியர்பொக்ஸ் தொடங்குகிற இடத்துக்கு நேரே, ஒரு சின்னக் கறை புதிதாகத் தெரிகிறது. அது கிராங்கின் பின்பக்கச் சீலாக இருக்கலாம். அதைப் பார்க்க கியர்பொக்ஸையே இறக்கவேண்டும், அதற்காக மட்டும் இறக்குவது காசைத் தண்ணீரில் போடுவது. பிரீதர் சரியானபின் அது கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிளச் தட்டு மாற்றுகிற அன்றைக்கு அதையும் சேர்த்துச் செய்வதென்று காக்காவோடு கதைத்து, கொப்பியில் எழுதியாயிற்று. கிளச் இப்போதைக்கு நன்றாகப் பிடிக்கிறது.